கிரேக்கத் தயிர் இல்லாவிட்டால் என்ன?

கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கடுக்காக நிற்கும், ஓவன் தேவைப்படாத தயிர் இனிப்பொன்றைச் செய்து பார்ப்போமா என்ற பேச்சு கொழும்புத் தமிழ் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. எழுந்தவுடன் வீடு இரண்டாகப் பிரியும். மூத்தவர்களின் வாதம்: "அடுப்பில வைக்காதது ஒரு சமையலோ? அதெல்லாம் வெளிநாட்டுக்காரற்றை விளையாட்டு." இளையவர்களின் வாதம்: "செய்யலாம், ஆனா கிரீக் யோகட் வேணும், கிரீம் சீஸ் வேணும், ஜெலட்டின் வேணும், புளூபெரி வேணும். எங்கட தயிர் தண்ணி, நிக்காது." முடிவில் வெள்ளவத்தையில் ஒரு கடைக்குத் தொலைபேசி போகும்; ஐசிங் பூசிய கேக் ஒன்று பெட்டியில் வந்து இறங்கும்.

எதிரெதிரே நிற்பவர்கள்போலத் தெரிந்தாலும் இரு தரப்பும் நம்புவது ஒன்றைத்தான். இது நமக்குச் சொந்தமில்லாத இனிப்பு. செய்ய வேண்டுமானால் சாமான் வெளியிலிருந்து வர வேண்டும். அதனால் வேண்டாம் என்பது ஒரு தரப்பு. அதனால் சுப்பர்மார்க்கெட்டின் இறக்குமதித் தட்டுக்குப் போவோம் என்பது மறுதரப்பு. நம்பிக்கையே பிழை. எருமைத் தயிரும் மாரி பிஸ்கட்டும் கடற்பாசியும் கித்துள் பாணியும் 'கிடைக்காததற்கு இது' என்று மனமில்லாமல் எடுக்க வேண்டிய சாமான்கள் அல்ல. இந்த வகை இனிப்புக்கு, அதுவும் கொழும்பின் வெக்கைக்கு, செய்முறையில் எழுதியிருக்கும் இறக்குமதிச் சாமான்களைவிட அவைதான் பொருத்தமானவை.

அடித்தட்டிலிருந்து தொடங்குவோம். அது இரத்மலானையிலேயே இருக்கிறது.

100ஆம் இலக்கப் பாணந்துறை பஸ்ஸிலோ 101ஆம் இலக்க மொரட்டுவை பஸ்ஸிலோ காலி வீதியால் போகிறவர்களுக்கு மலிபன் சந்தியைத் தெரியாமல் இருக்காது. தொழிற்சாலையின் பெயரே தரிப்பிடத்தின் பெயராகிவிட்ட இடம் அது. புறக்கோட்டை மலிபன் வீதியில் ஹோட்டல் நடத்திய ஏ. ஜி. ஹின்னிஅப்புஹாமி 1954இல் தொடங்கிய பிஸ்கட் தொழில் இங்கேதான் வேரூன்றியது. மாரி பிஸ்கட் இன்று இலங்கையில் எந்த மூலைக் கடையிலும் கிடைக்கிறது. சமையல் வீடியோக்களோ 'டைஜெஸ்டிவ்' என்றும் 'கிரஹாம் கிரக்கர்' என்றும்தான் அடம்பிடிக்கின்றன. அவற்றைத் தேடி அலைவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டைஜெஸ்டிவ் தவிடு சேர்ந்த கோதுமை மாவில் செய்தது, கொழுப்பும் கூட. நொறுக்கினால் குறுணலாக வரும். கொஞ்சம் பட்டரிலேயே பிடித்துக்கொள்ளும். மாரி மெல்லியது, உலர்ந்தது, கொழுப்புக் குறைந்தது. நொறுக்கினால் மாவாகப் போய்விடும். பட்டரைக் கூடுதலாகக் குடிக்கும். 200 கிராம் மாரிக்கு 100 கிராம் உருக்கிய பட்டர் என்று வைத்துக்கொண்டால் தட்டு வெட்டும்போது உடையாது. கிண்ணத்தில் பரிமாறுவதென்றால் பட்டரே வேண்டாம். பிஸ்கட் தூளை அப்படியே தூவி மேலே தயிரை இட்டால், ஓர் இரவில் தூள் தயிரின் ஈரத்தை உறிஞ்சிக் கேக்கின் பதத்துக்கு வந்துவிடும். மொறுமொறுப்பு வேண்டுகிறவர்கள் பரிமாறும் நேரத்தில் தூவலாம். டைஜெஸ்டிவில் இந்த ஊறல் இவ்வளவு ஒரே சீராக வராது. மாரியின் உலர்ந்த தன்மை இங்கே குறையாக அல்ல, வசதியாகவே வேலை செய்கிறது.

இந்த ஊறல் வித்தையை இலங்கையில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலில் தோய்த்த மாரி பிஸ்கட்டையும் சொக்லட் கலவையையும் மாறி மாறி அடுக்கிக் குளிரவைக்கும் சொக்லட் பிஸ்கட் புடிங் இல்லாத விருந்து கொழும்பில் எத்தனை? கல்யாண மண்டபத்தின் இனிப்பு மேசையில் அது இருக்கிறது; பிறந்தநாளில் இருக்கிறது; கிறிஸ்மஸ் மதிய உணவுக்குப் பிறகும் இருக்கிறது. அதுவும் ஓவன் காணாத இனிப்புத்தான். 'அடுப்பில் வைக்காதது சமையலோ' என்று கேட்கிற அதே பெரியவர், அதில் இரண்டாவது கரண்டியையும் எடுத்துக்கொள்கிறார்.

இந்தக் கேள்வியில் வரலாறும் தலைகீழாக நிற்கிறது. ஓவன் சமையலைத்தான் மரபு என்றும், ஓவன் இல்லாததை வந்தேறி நாகரிகம் என்றும் பேசுகிறார்கள். இந்தத் தீவின் பழைய இனிப்புகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். மோதகமும் கொழுக்கட்டையும் ஆவியில் வேகின்றன. வட்டிலப்பமும் அப்படியே. பயற்றம் பணியாரமும் கொக்கிஸும் எண்ணெய்ச் சட்டியில் பொரிகின்றன. தொதல் அகப்பையோடு மல்லுக்கட்டிக் கிண்டப்படுகிறது. ஓவனில் வேகும் லவ் கேக்கில் போர்த்துக்கேயரின் கைபடிந்திருக்கிறது. புரூடர் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. ஐசிங் பூசிய பிறந்தநாள் கேக் ஆங்கிலேயர் வருகைக்குப் பிந்திய பழக்கம். அவற்றை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லவ் கேக்கைப் பழிக்கிறவருக்கு நாக்கில் கோளாறு. ஆனால் இவற்றில் எதையாவது அந்நியம் என்று சொல்லத்தான் வேண்டுமென்றால், அந்தச் சொல் ஓவனுக்குத்தான் முதலில் பொருந்தும். தயிர்ச் சட்டிக்கு அல்ல. பீக் ஃப்ரீன்ஸ் என்ற இலண்டன் நிறுவனம் 1874இல், ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாந்திரோவ்னா எடின்பரோ கோமகனை மணந்ததை ஒட்டி வெளியிட்ட மாரி பிஸ்கட்டும் வந்தேறிதான். இரத்மலானையில் இத்தனை காலம் வெந்தபின் அதனிடம் யாரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை.

தயிரையே இனிப்பாக்கும் வழக்கமும் இந்தப் பக்கத்தில் பழையது. மராட்டியரும் குஜராத்தியரும் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்த கட்டியோடு சீனியும் ஏலமும் குங்குமப்பூவும் குழைத்துச் செய்யும் ஸ்ரீகண்டத்துக்கு நெருப்பே தேவையில்லை. பழைய வடமொழி நூல்களில் அதன் மூதாதையான சிகரிணி பேசப்படுகிறது. வங்காளத்தின் மிஷ்டி தோய் மண்சட்டியிலேயே உறைகிறது. மட்டக்களப்பில் கட்டித் தயிரின் மேல் சர்க்கரையையோ பாணியையோ ஊற்றிச் சாப்பிடாமல் விருந்து முடிவதில்லை. அம்பாந்தோட்டை, திஸ்ஸமஹாராமப் பக்கம் போய்த் திரும்பும் எந்த வாகனமும் வீதியோரக் கடையில் ஒரு சட்டி மீகிரி (எருமைத் தயிர்) வாங்காமல் கொழும்புக்கு வருவதில்லை.

இனி இளையவர் தரப்பின் முதல் வாதம்: எங்கள் தயிர் நிற்காது.

எந்தத் தயிர் என்பதைப் பொறுத்தது. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை, நான்கு. எருமைப்பாலில் ஏழு, எட்டு. நீரைக் கழித்து மிஞ்சும் மொத்தத் திண்மம் பசும்பாலில் 12, 13 வீதம். எருமைப்பாலில் 16, 17 வீதம். புரதமும் எருமைப்பாலில் கூட. அதனால் உறைந்தால் கத்தி வைத்து வெட்டும் அளவுக்கு இறுகுகிறது. கிரீக் யோகட்டில் உள்ள ரகசியம் வடிகட்டல்தான். சாதாரண யோகட்டைத் துணியில் இட்டுப் பாதி நீரை வெளியேற்றி, செறிவைக் கூட்டுகிறார்கள். துருக்கியர் அதையேதான் செய்கிறார்கள். லெபனானில் லப்னே என்பதும் அதுதான். எருமைப்பாலில் அந்த வேலையின் பாதியை எருமையே செய்து தந்துவிடுகிறது. மீதியில் ஒரு பங்கைச் சட்டி செய்கிறது. பூச்சில்லாத மண்சட்டியின் நுண்துளைகள் தயிரின் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகின்றன. உறிஞ்சிய நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது சட்டி குளிர்கிறது. பிளாஸ்டிக் வாளியில் உறையவைத்த அதே பால் இந்தக் கட்டிக்கு வராததற்குக் காரணம் இதுதான்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வடிகட்டிய கிரீக் யோகட்டில் புரதம் எருமைத் தயிரைவிடக் கூட. நூறு கிராமில் ஒன்பது, பத்துக் கிராம் வரை போகும். உடற்பயிற்சிக்காரருக்கு அது முக்கியமாக இருக்கலாம். இனிப்புக்கு வேண்டியது நாக்கில் வழுவழுப்பும் கிண்ணத்தில் நிற்பும். வழுவழுப்பைக் கொழுப்புத்தான் அதிகம் தருகிறது; நிற்புக்கும் அது துணைநிற்கிறது.

அப்படியானால் 'நிற்கவில்லை' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் வீட்டில் அது உண்மையாகவே நிற்கவில்லை. காரணம் பிளெண்டர். தயிர் என்பது கேசின் புரதம் அமிலத்தில் ஒன்றோடொன்று பிணைந்து நெய்த வலை. நீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் சிக்கி நிற்கின்றன. பிளெண்டரின் அலகு ஒரு நிமிடத்தில் வலையைக் கிழித்துவிடும். பிறகு எந்த பிரிட்ஜில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது பழையபடி கூடாது. வீடியோவில் காட்டுகிறவர் கிரீம் சீஸைக் கட்டியில்லாமல் கரைப்பதற்காக இயந்திரத்தில் அடிக்கிறார். நம்மவர் கிரீம் சீஸ் இல்லாத கலவையையும் அப்படியே அடிக்கிறார். பழி தயிரின் தலையில் விழுகிறது.

செய்ய வேண்டியது வேறு. சட்டியை மேசையில் வைத்துப் பார்த்தால், நல்ல தயிரின் மேல் ஆடை ஒன்று சட்டியின் விளிம்பு வரை படிந்திருக்கும். சட்டியை மெல்லச் சரித்தால் தயிர் வழுக்காது. ஓரத்தில் தெளிந்த நீர் ஒரு கோடாகத் தெரிந்தால் பயமில்லை. ஆடையில் குமிழ்கள் வெடித்திருந்தாலோ, கள் வாடை வந்தாலோ அதை விட்டுவிட வேண்டும். தட்டைக் கரண்டியால் பரப்பாக, தகடு தகடாக வழித்து எடுக்க வேண்டும், தோண்டக் கூடாது. வழித்ததை மெல்லிய துணியில் இரண்டு, மூன்று மணி நேரம் கட்டி வைத்தால் மிச்ச நீரும் இறங்கிவிடும். அந்த நீரை ஊற்றிவிட வேண்டாம், ரொட்டிக்கு மாக் குழைக்கலாம். வடிந்த தயிரில் சீனித் தூளையோ டின்பாலையோ மரக்கரண்டியால் மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும். அடிக்காமல் மடிப்பதுதான் முக்கியம். இவ்வளவும் செய்த தயிர் கிண்ணத்தில் கரண்டியை நிமிர்த்தி வைத்தாலும் சாயவிடாது. கிரீம் சீஸின் தேவை எங்கே வந்தது?

கப் யோகட்டின் கதை வேறு. கடைகளில் சிறு கோப்பையில் விற்கும் செட் யோகட்டில் சீனி ஏற்கெனவே உண்டு. பலவற்றில் இறுக்கத்துக்காக ஜெலட்டினும் சேர்க்கிறார்கள். அதை உடைத்துக் கலக்கினால் தண்ணீராகும் என்பது சரியான புகார். ஆனால் அதை வைத்துக்கொண்டு 'இலங்கைத் தயிர்' என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்வது, மாவாகப் பழுத்த வில்லாட் மாம்பழம் ஒன்றைத் தின்றுவிட்டுக் கறுத்தக்கொழும்பானைப் பழிப்பதற்குச் சமம்.

ஜெலட்டின் என்றதும் அடுத்த வாதத்துக்கு வந்துவிட்டோம். வெட்டித் துண்டாகப் பரிமாற வேண்டிய தயிர் இனிப்புக்குக் கட்டாயம் ஜெலட்டின் வேண்டும் என்கிறார்கள். கொழும்பில் இதைவிடப் பொருத்தமற்ற பொருளைத் தேடிப்பிடிப்பது கடினம். ஜெலட்டின் களி ஏறத்தாழ 30 முதல் 35 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். கொழும்பின் நடுப்பகல் அதுதான். பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்த நேர்த்தியான வட்டம், விருந்தாளிகள் மெழுகுதிரி ஊதிப் படம் எடுத்து முடிப்பதற்குள் இடுப்பில் சரியும். அதோடு அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீட்டிலும், ஹலால் பார்க்கும் அயல் வீட்டிலும் அதை வைத்துப் பரிமாற முடியாது. கொழும்பில் ஒரே மாடிக்கட்டடத்தில் இந்த இரண்டு வீடும் எதிரெதிரே இருக்கும்.

கடற்பாசி இந்த இரண்டு சிக்கலையும் தீர்க்கிறது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் கடற்பாசி இனிப்புச் செய்து அயலுக்கும் கொடுத்துவிடும் வழக்கம் தெரிந்ததே. கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடையில் இழையாகவும் தூளாகவும் கிடைக்கும். கொதிக்கவைத்துக் கரைத்தால் 35, 40 பாகைக்கு இறங்கும்போதே உறைந்துவிடும். உறைந்தபின் 85 பாகையளவு சூடு வந்தால்தான் இளகும். அதாவது பிரிட்ஜ் இல்லாமலேயே உறையும். மேசையில் மணிக்கணக்காக நிற்கும். இந்தப் பொருளுக்கும் இந்தத் தீவுக்கும் உறவு நேற்று வந்ததல்ல. நம் களப்புகளில் விளைந்த ஒரு வகைச் செம்பாசி 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருந்துச்சரக்கு நூல்களில் 'சிலோன் மொஸ்' என்றே பெயர் பெற்றிருந்தது.

ஜெலட்டினா கடற்பாசியா என்ற வழக்கை ஒருமுறை ஜெர்மனியின் ஆய்வுகூடமே தீர்த்துவைத்திருக்கிறது. 1881இல் வால்ட்டர் ஹெஸ்ஸ என்ற மருத்துவர் கிருமிகளை ஜெலட்டின் களியில் வளர்க்க முயன்றார். வெயிற்காலத்தில் களி உருகி ஓடிக்கொண்டேயிருந்தது. வீட்டு இனிப்புகள் வெயிலிலும் உருகாமல் நிற்பதற்கு மனைவி ஃபனி ஹெஸ்ஸ கையாண்ட பொருளைக் கேட்டார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒல்லாந்து அயலவரிடம் அவர் கற்றிருந்த கடற்பாசிதான் அது. செய்தி கிருமியியல் அறிஞர் ரொபர்ட் கோக்கின் ஆய்வுகூடத்துக்குப் போனது. இன்றுவரை உலகத்தின் நுண்ணுயிரியல் தட்டுகள் கடற்பாசியில்தான் உறைகின்றன. நம் பக்கத்துச் சமையலறைகளில் இருந்து ஜெர்மனிக்குப் போன அறிவு அது. இலங்கைக்காரர் இன்று ஜெலட்டின் பொட்டலத்தைத் தேடி அலைகிறார்கள்.

பழ விஷயத்திலும் கடற்பாசிக்கே வெற்றி. பச்சை அன்னாசியிலும் பப்பாசியிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. ஜெலட்டினும் புரதமே என்பதால், அன்னாசி போட்ட ஜெலட்டின் களி விடியவிடிய வைத்தாலும் உறையாது. கடற்பாசி மாச்சத்து வகை. நொதியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தயிரின் புரதத்தை அதே நொதி அறுக்கும், சிறிது நேரத்தில் கசப்பும் ஏறும். அன்னாசி சேர்ப்பதென்றால் சீனியோடு ஒரு கொதி காட்டி ஆறவைத்தே சேர்க்க வேண்டும். இதைச் சொல்லாத செய்முறைகள்தான் 'தயிர் இனிப்பு கைக்கும்' என்ற அவப்பெயரை உண்டாக்கின.

கடற்பாசிக்கும் ஒரு குணம் உண்டு. அவசரக்காரரை மன்னிக்காது. பிரிட்ஜிலிருந்து நேரே எடுத்த தயிரில் கடற்பாசிக் கரைசலை ஊற்றினால், பட்ட இடத்திலேயே உறைந்து நூல் நூலாகத் திரளும். அரைக் கிலோ தயிரைச் சாதாரண அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே கூடிய கடற்பாசித் தூளை 150 மில்லிலீற்றர் தேங்காய்ப்பாலில் சீனியோடு இரண்டு, மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, சூடாக இருக்கும்போதே மெல்லிய தாரையாக ஊற்றியபடி விடாமல் கலக்க வேண்டும். இங்கே மட்டும் வேகமாகக் கலக்கலாம். வலை கிழிந்தாலும் கடற்பாசி புதிய வலையைப் பின்னிவிடும். பிஸ்கட் தட்டின் மேல் ஊற்றினால் அரை மணி நேரத்தில் விரலுக்கு எதிர்ப்புத் தரும்.

அழகு என்ற வாதம் மிச்சம். புளூபெரி இல்லாமல் கண்ணைப் பறிக்காது என்கிறார்கள். எருமைப்பாலில் கரோட்டின் இல்லாததால் தயிர் சுண்ணாம்பு வெள்ளை. பசுந்தயிரின் இளமஞ்சளில் மங்கிப்போகும் நிறங்கள் இந்த வெள்ளையில் எடுத்துக்காட்டும். கரும்பழுப்புக் கித்துள் பாணியை ஒரு கம்பியாக இழுத்தாலே பாதி வேலை முடிந்தது. கொடித்தோடையின் மஞ்சள் சாறும் கறுத்த விதையும் அடுத்தது. சிவந்த ட்ராகன் பழத்தின் நிறம் தயிரின் புளிப்பில் மங்காது. சூட்டில்தான் வெளிறும், ஆகவே கொதிக்கவைக்காமல் கடைசியில் சேர்க்க வேண்டும். வைகாசி, ஆனியில் யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் வந்துவிடும். தோல் சீவிய கதுப்பை அடுக்கினால் படம் பிடிக்க வேறெதுவும் வேண்டாம். வித்தை காட்ட விரும்புகிறவர் வேலியில் பூக்கும் நீலக் காக்கணம் பூவைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரில் கடற்பாசி காய்ச்சி மேலடுக்காக ஊற்றட்டும். நீலமாக இருக்கும் சாற்றில் தேசிக்காய்ப் புளி விட்டால் ஊதாவாக மாறும். ஒரு பாதியில் விட்டு மறு பாதியில் விடாமல் ஊற்றினால் ஒரே கிண்ணத்தில் இரண்டு நிறம். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பெரியவர்களும் தட்டுவார்கள், கொஞ்சம் தாமதமாக.

ஓவன் இல்லாத சமையல் ஏழைச் சமையல் என்ற இளக்காரம் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகும் கொழும்பில் எப்படி உயிரோடிருக்கிறது என்பது விளங்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது. காசு வைத்திருந்தவரும் வெறும் சிலிண்டரோடு வரிசையில் படுத்துக்கிடந்தார். அதற்கு முந்திய ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்கி, இறக்குமதிப் பால்மா ஒரு கிலோ 1,195 ரூபா ஆனது. மூன்று நிமிடக் கொதியில் முடியும் இனிப்பின் அருமையை அந்த மாதங்கள் கற்றுத்தந்திருக்க வேண்டும்.

இதற்குக் கெட்டிக்காரத்தனமான மறுப்பு ஒன்று உண்டு: ஓவன் இல்லாவிட்டாலும் பிரிட்ஜ் வேண்டுமே, 13 மணி நேரம் மின்சாரம் போனால் அதுவும் இல்லையே. கிரீம் சீஸும் அடித்த கிரீமும் ஜெலட்டினும் சேர்ந்த இனிப்புக்கு அது முழுக்கப் பொருந்தும். மண்சட்டித் தயிரும் கடற்பாசியும் அந்தக் கணக்கில் வேறு. காலையில் உறையவைத்து மதியம் பரிமாறினால் பிரிட்ஜின் கதவைத் திறக்கவே வேண்டாம். நாட்கணக்காக வைத்துத் தின்பதற்கு பிரிட்ஜ் வேண்டும்தான். விருந்துக்குச் செய்ததை நாட்கணக்காக வைப்பதும் நல்ல பழக்கமல்ல.

விலை பற்றிய முணுமுணுப்பு இன்னொன்று. எருமைத் தயிர் கப் யோகட்டைவிட விலை கூட, எப்போதும் கிடைப்பதுமில்லை. உண்மை. ஆனால் அதை இறக்குமதிச் சீஸின் விலையோடு ஒப்பிட்டால் வழக்கு உடனே முடிந்துவிடும். தட்டுப்பாட்டுக்கான காரணங்களில் ஒன்று கொழும்புச் சமையலறைக்கு வெளியே இருக்கிறது. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளில் நடந்த அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். மாடு மேய இடமில்லாமல் போனால் பால் எங்கிருந்து வரும்? 'எங்கட தயிர் கிடைக்கிறதில்லை' என்று வெள்ளவத்தையில் அலுத்துக்கொள்கிறவர்கள் அந்தச் செய்தியையும் சேர்த்து வாசித்திருக்க வேண்டும்.

தயிர் இனிப்பின் ஆதரவாளர்களையும் சும்மா விட முடியாது. 'ஆரோக்கியமானது, எத்தனை கிண்ணமும் சாப்பிடலாம்' என்று அவர்கள் சொல்வது கலப்படமில்லாத பொய். டின்பாலும் சீனியும் பட்டரில் பிசைந்த பிஸ்கட்டும் சேர்ந்தபின் தயிரின் நற்பெயர் எதையும் காப்பாற்றாது. பாணி சேர்த்தால் சீனியில்லை என்ற நம்பிக்கையும் அப்படித்தான். பாணி என்பதே காய்ச்சிச் செறிந்த சீனி. போதாதற்குச் சீனிப்பாகு கலந்த போலிக் கித்துள் பாணி சந்தையில் தாராளம். நல்ல பாணியில் மெல்லிய புகை வாசமும் தொண்டையில் இலேசான கைப்பும் இருக்கும். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் போத்தலில் இருப்பது கித்துள் மரத்தை எட்டத்திலிருந்து பார்த்தது. இது இனிப்பு, இனிப்பாகவே அளவாகச் சாப்பிட வேண்டியது. நல்லதாக இருக்கிறது என்பதே அதற்குப் போதுமான சிபாரிசு.

எருமைத் தயிர் வாடையடிக்கும் என்ற முறைப்பாட்டுக்கு இரண்டு ஏலக்காயும் துருவிய தேசித் தோலும் பதில். மிஞ்சியிருப்பது பெரியவர்களின் கடைசி ஆயுதம்: எருமைத் தயிர் குளிர், இரவில் சாப்பிட்டால் தடிமன் பிடிக்கும். இதில் அவர்களோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. எந்த ஆய்வைக் காட்டினாலும் அப்பம்மாவின் தும்மல் ஒன்று அதைத் தோற்கடிக்கும். விருந்தை மதியத்துக்கு மாற்றிவிடலாம். கடற்பாசி அந்த வெயிலுக்கும் அசையாது.